இரண்டு வாளி லைலாக்

சானடோரியம்,
24 அக்டோபர் 1948

அன்புள்ள தம்பி ஓரினுக்கு,

அக்கா லூயெல்லா எழுதுவது. காலையில் காய்ச்சல் இல்லை, சாயங்காலம் 99.8. எடை முக்கால் பவுண்டு கூடியிருக்கிறது. தினம் ஆறு கிளாஸ் பாலைக் கொடுத்துப் பக்கத்திலேயே நின்று குடிக்க வைத்தால் கூடாமல் என்ன செய்யும்? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஆப்பிள் முழுவதும் பறித்தாயிற்றா?

வெள்ளிக்கிழமை ரயிலில் ஆல்டன் வந்தானா? போரில் செத்து நாலு வருஷம் பெல்ஜியத்து மண்ணில் கிடந்தவனை ராணுவம் ஊருக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. அவன் அப்பா உயிரோடு இல்லை. பெற்றவள் நான் இந்த வராந்தாவில் மூன்று கம்பளிக்குள் படுத்துக் கிடக்கிறேன். டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "உங்க மூச்சுல கிருமி இருக்கு, மிஸஸ் டட்டில். அங்க வர்றவங்களையும் நினைச்சுப் பாக்கணும் இல்லையா" என்றார். ஸ்டேஷனுக்கு யார் யார் வந்தார்கள், பெட்டியை எத்தனை பேர் தூக்கினார்கள், எந்த இடத்தில் வைத்தீர்கள், எல்லாம் எழுது. ஒன்றையும் விடாதே.

இன்னொரு விஷயம். மே முப்பது, போரில் செத்தவர்களின் நினைவு நாள். ஊரே லைலாக் பூவை வாளி வாளியாக வெட்டிக்கொண்டு கல்லறைக்குப் போகும். அவன் நம் ஊர் மண்ணுக்கு வந்த பிறகு வரும் முதல் நினைவு நாள் அது. என் வீட்டு வடக்குச் சுவரோரம் நிற்கிற லைலாக்தான் அவனுக்கு வைக்க வேண்டும், இரண்டு வாளி நிறைய. அதற்குள் தேறினால் இரண்டு நாள் விடுவார்களாம். விடாவிட்டாலும் பூ போக வேண்டும். எனக்கு மிச்சம் இருக்கிற ஆசை இது ஒன்றுதான்.

அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிடாதே. செடிகளின் காலடியில் தூவு, லைலாக்குக்கு அது ஒத்துக்கொள்ளும். இந்த வருஷம் கிளை கழிக்க என்னால் முடியவில்லை. எல்லாம் தலைக்கு மேல் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லூயெல்லா


வெஸ்ட் ஹாலோ,
7 நவம்பர் 1948

அன்புள்ள அக்காவுக்கு,

ஓரின் எழுதுகிறேன். இடுப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அதன் கூடவே இருக்கிறது. உன் எடை கூடியது கேட்டு சந்தோஷம்.

ஆப்பிள் எல்லாம் இறக்கியாயிற்று. மெக்கின்டாஷ் நல்ல நிறம், ஆனால் கீழ்ப்பக்கத்து மரங்களில் சொறி விழுந்துவிட்டது. டிராக்டரின் கார்புரேட்டர் மறுபடியும் தகராறு. ஹெர்பி பிக்ஸ்பி வந்து பார்த்துவிட்டு, "இத நீ வித்துட்டு ரெண்டு மாடு வாங்கிடு ஓரின், அதுங்களாவது கூப்பிட்டா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு நானே கழற்றித் துடைத்து மாட்டினேன். முதலில் மிதவையை எடுத்தேன். அதன் ஊசியில் கசடு. அதைச் சீமெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். இப்போது ஓடுகிறது. உன் கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன.

நீ கேட்ட காரியம் நல்லபடியாக முடிந்தது. மழை இல்லை. பாதிரியார் வந்திருந்தார்.

சாம்பல் தூவிவிட்டேன். லைலாக்கைப் பற்றி நீ கவலைப்படாதே.

உன் தம்பி,
ஓரின்


சானடோரியம்,
12 டிசம்பர் 1948

அன்புள்ள ஓரினுக்கு,

சாயங்காலக் காய்ச்சல் 99.4. வராந்தாவில் தண்ணீர்க் கிளாஸ் உறைந்துபோகிறது. அந்தக் குளிரில் படுத்திருப்பதுதான் வைத்தியம் என்கிறார்கள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, அல்லது பீன்ஸ் டப்பாவைத் திறந்து நின்றுகொண்டே முடிக்கிறாயா?

உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் ரொசில்டாவுக்குப் படித்துக் காட்டினேன். கியூபெக்காரி, சிரித்தால் இருமல் வந்துவிடும், ஆனாலும் சிரிப்பாள். "உங்க தம்பிக்கு அந்த டிராக்டர் மேல ரொம்பப் பிரியம் போல" என்றாள். கார்புரேட்டரை எப்படிக் கழற்றினாய் என்று எனக்கு இப்போது தெரியும், நானே கழற்றிவிடுவேன். என் மகனை மண்ணில் வைத்ததற்கு இரண்டு வரி. அவன் பெயர்கூட இல்லை. உனக்கு எழுத வரவில்லை என்று நான் நினைக்க மாட்டேன், மிதவையின் ஊசியைப் பற்றி அவ்வளவு எழுதுகிறவன் நீ.

சரி, கோபித்துக்கொள்ளவில்லை. எப்போது வருகிறதோ அப்போது எழுது.

கண்ணை மூடினால் அந்த எட்டுப் புதரும்தான் தெரிகின்றன. ஓரத்தில் வெள்ளை, மற்றதெல்லாம் ஊதா. கிளை நெருக்கத்தில் காற்றே போகாமல் ஆகஸ்டில் இலையெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது. நான் எழுந்து நடமாடினால் பாதியைக் கழித்துவிடுவேன். படுத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்.

கிறிஸ்துமஸுக்கு பிக்ஸ்பி வீட்டில் கூப்பிட்டால் போ. சட்டை மாற்றிக்கொண்டு போ.

லூயெல்லா


வெஸ்ட் ஹாலோ,
30 ஜனவரி 1949

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பதினாறு நாளாகப் பாதரசம் பூஜ்யத்துக்கு மேலே ஏறவில்லை, அதனால்தான் தாமதம். மை உறைந்துபோனது என்று சொன்னால் நம்ப மாட்டாய். காய்ச்சல் இறங்கியது நல்ல செய்தி.

பிக்ஸ்பி வீட்டுக்குப் போனேன். சட்டை மாற்றிக்கொண்டுதான். மிஸஸ் பிக்ஸ்பி மின்ஸ் பை செய்திருந்தாள், உன்னுடையது போல் இல்லை. உன்னைக் கேட்டார்கள்.

முயல்கள் பட்டையைக் கடிக்காமல் லைலாக்குகளைச் சுற்றிக் கம்பிவலை கட்டியிருக்கிறேன். அவற்றுக்கு நான் ஒன்று செய்யலாம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன். நீ மே மாதம் வந்து பார்த்தால் உனக்கே தெரியும்.

ஓரின்


சானடோரியம்,
10 மார்ச் 1949

அன்புள்ள ஓரினுக்கு,

ஐந்து நாளாக 99-ஐத் தாண்டவில்லை. உன் இடுப்புக்கு நான் சொன்ன தைலத்தைத் தடவினாயா?

எக்ஸ்ரே பார்த்தார்கள். டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். இப்படியே இருந்தால் மே கடைசியில் இரண்டு நாள் போய்வரலாம் என்றார். அவர் போன பிறகு அழுதேன். நர்ஸ் திட்டினாள், அழுதால் காய்ச்சல் ஏறுமாம்.

இப்போது போய் லைலாக்கைப் பார். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இரண்டு இரண்டாகப் பருத்த மொட்டு இருக்கும். அதுதான் மே மாதத்துப் பூ. போன கோடையிலேயே கருக்கட்டி, பனி முழுவதும் காத்துக்கொண்டு நிற்கிறது. நுனி போனால் பூ போயிற்று. ஹெர்பியின் மாடு வேலியைத் தாண்டி வராமல் பார்த்துக்கொள். நெருக்கமாக இருக்கிறதே என்று யாரும் கை வைக்கக் கூடாது. லைலாக்கில் கத்தி படுவது பூ வாடின பிறகு, ஜூனில்தான். இது உனக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

நுனிகளை எண்ணி எழுது. தோராயமாகச் சொன்னால் போதும்.

லூயெல்லா


வெஸ்ட் ஹாலோ,
11 மார்ச் 1949

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் காய்ச்சல் ஒழிந்ததா? இன்றைக்கு ஒரு நல்ல சமாச்சாரம் எழுதப் போகிறேன், அதனால் உட்கார்ந்து படி. நீ படுத்துத்தான் படிப்பாய், சரி, படுத்தே படி.

தோட்டத்து ஆப்பிளுக்கெல்லாம் கவாத்து முடிந்தது. அந்தக் கையோடு போன சனிக்கிழமை உன் லைலாக்குகளையும் முடித்துவிட்டேன். இதைத்தான் ஜனவரியில் சொல்லாமல் வைத்திருந்தேன். நெருக்கமாக இருக்கிறது என்று நீ இரண்டு கடிதத்தில் வருத்தப்பட்டிருந்தாய். அப்பா சொல்வாரே, கவாத்து பண்ணின மரத்துக்கு நடுவே பூனையைத் தூக்கி எறிந்தால் கிளையில் படாமல் அந்தப் பக்கம் விழ வேண்டும் என்று. அந்த மாதிரி செய்திருக்கிறேன். எட்டையும் ஒரே சீராக இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். பனி இறுகிக் கிடந்ததால் ஏணிகூட வேண்டியிருக்கவில்லை. ஹெர்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குப்பா" என்றான். அவன் வாயில் அது பெரிய வார்த்தை.

வெட்டினதையெல்லாம் நோய் தங்காமல் அன்றைக்கே பனி மேல் குவித்து எரித்துவிட்டேன். இனிமேல் காற்றும் வெயிலும் நன்றாக உள்ளே போகும். மே மாதம் பார், உனக்கு எத்தனை வாளி வேண்டும் என்று கேட்பேன்.

உன் அன்புத் தம்பி,
ஓரின்


சானடோரியம்,
9 ஏப்ரல் 1949

அன்புள்ள ஓரினுக்கு,

உன் மார்ச் பதினொன்றாம் தேதிக் கடிதம் வந்தது. பதில் எழுத நாலு வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். நடுவே காய்ச்சல் 101 வரை போய், பேனா பிடிக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். இப்போது 100.2. நீ எப்படி இருக்கிறாய்?

எனக்காக ஒரு நாள் முழுவதும் பனியில் நின்று வேலை செய்திருக்கிறாய். நன்றி. அப்பாவின் பூனையை நினைத்துச் சிரித்தேன்.

மே மாதம் நான் வருவது இல்லை என்று ஆகிவிட்டது. டாக்டர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, அவரைச் சிரமப்படுத்தாமல் நானே சொல்லிவிட்டேன்.

மார்ச் பத்தாம் தேதி உனக்கு ஒரு கடிதம் போட்டேன். வந்ததா? வராமல் போயிருந்தால் பரவாயில்லை. ஒன்றும் பெரிதாக எழுதவில்லை.

லூயெல்லா


வெஸ்ட் ஹாலோ,
20 ஏப்ரல் 1949

அன்புள்ள அக்காவுக்கு,

101 என்று படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அவர்கள் கொடுக்கிறதைச் சாப்பிடு. பாலைப் பூந்தொட்டியில் ஊற்றாதே, உன்னை எனக்குத் தெரியும்.

பத்தாம் தேதிக் கடிதம் வரவில்லை. இந்த வருஷம் தபால் மோசம். சேற்றில் வண்டி சிக்கி இரண்டு தடவை பை திரும்பிப் போயிற்று என்று பேசிக்கொண்டார்கள்.

லைலாக்கில் பச்சை தெரிகிறது. தினம் காலையில் போய்ப் பார்க்கிறேன். கோழிகள் முட்டையிட ஆரம்பித்துவிட்டன.

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஓரின்


வெஸ்ட் ஹாலோ,
1 ஜூன் 1949

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் தேறிவருவாய் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நினைவு நாள் நல்லபடியாக நடந்தது. பூ வந்தது, அக்கா. இரண்டு வாளி நிறைந்தது. ஆல்டனுக்கு வைத்தேன்.

அவன் இருப்பது மேல் வரிசையில், வேலியிலிருந்து மூன்றாவது. ராணுவம் கொடுத்த வெள்ளைக் கல். பெயர், பிறந்த தேதி, போன தேதி, அவ்வளவுதான் வெட்டியிருக்கிறது. கல் இன்னும் புதிதாக இருப்பதால் கண் கூசுகிறது. மண் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது, சனிக்கிழமை நான் ஒரு கூடை மண் கொண்டுபோய்ச் சரிசெய்தேன். அங்கிருந்து பார்த்தால் என் தோட்டத்தின் கோடி தெரியும். பாண்டு வாத்தியத்தில் ஐந்து பேர்தான், டிரம்ஸ்காரன் மட்டும் நன்றாக வாசித்தான். பெயர்களை வாசித்தார்கள். ஆல்டன் டட்டில் என்று வாசித்தபோது அவனுக்கு எட்டாம் வகுப்பு எடுத்த மிஸ் வாரன் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது மாதிரி. ஏன் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை போலிருக்கிறது, பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். மரியாதைக்குத் துப்பாக்கி வெடித்ததும் ஹெர்பியின் நாய் ஓட்டம் பிடித்தது. ஆல்டன் இருந்திருந்தால் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

எல்லோரும் போன பிறகு நான் ஒரு மணி நேரம் நின்றேன். காற்று ஏரிப் பக்கமிருந்து வந்தது. ஊர் முழுக்க லைலாக் வாசனை.

ஓரின்


சானடோரியம்,
8 ஜூன் 1949

அன்புள்ள ஓரினுக்கு,

இன்றைக்கு 100.4. உன் கடிதத்தை ஆறு முறை படித்துவிட்டேன். ரொசில்டாவுக்கும் படித்தேன், அவள் தன் ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

இன்னும் எழுது. மிஸ் வாரன் எந்தத் தொப்பி போட்டிருந்தாள்? வெள்ளை லைலாக்கை மேலே வைத்தாயா, ஓரத்தில் வைத்தாயா?

லூயெல்லா


வெஸ்ட் ஹாலோ,
15 ஜூன் 1949

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காய்ச்சல் குறைய வேண்டும். இதைப் படித்து ஏறினால் அதுவும் என் தலையில்தான்.

வெள்ளையும் இல்லை, ஊதாவும் இல்லை. ஒரு பூகூட வரவில்லை. உன் பத்தாம் தேதிக் கடிதம் பதினான்காம் தேதியே வந்துவிட்டது. தபால் பெட்டிப் பக்கத்தில் நின்றே படித்தேன். நேராகப் போய்ப் பார்த்தேன், எட்டுக் கட்டைகள் நின்றன. எரித்த சாம்பலைக்கூடக் கிளறினேன். நுனி அந்தக் குவியலில் இருந்தது. என் கையால் கொளுத்தினேன். நாற்பது வருஷமாக மார்ச்சில் கத்தி எடுத்த கை, வேறு ஒன்றும் அதற்குத் தெரியவில்லை.

நினைவு நாளன்றைக்கு இரண்டு வாளியில் தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் தண்ணீர் பிடித்தேன் என்று கேட்காதே. மிஸஸ் பிக்ஸ்பி பார்த்துவிட்டு தன் வாளியிலிருந்து ஒரு கை பூவை அள்ளி நீட்டினாள். "எடுத்துக்கோங்க ஓரின். பூவுக்கு எந்த வீடுன்னு தெரியவா போகுது" என்றாள். என்னால் வாங்க முடியவில்லை. நீ கேட்டது உன் வீட்டுப் பூ. அந்த வரிசையில் பூ இல்லாத கல் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் எழுதினபடிதான் நடந்தது. மிஸ் வாரன் கறுப்புத் தொப்பி போட்டிருந்தாள்.

அக்டோபரில் ஸ்டேஷனில் அவனுக்காக ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். உரம் வந்து இறங்கினால் போடுகிற அதே மேஜையில் போட்டேன். அதை எப்படி உனக்கு எழுதுவது? பெயரை எழுதினால் இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கும். நாற்பத்து மூன்றில், பண்ணைக்கு இவன் இல்லாமல் முடியாது என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். "எழுதாதீங்க மாமா, எல்லாப் பசங்களும் போறாங்க" என்றான். நான் எழுதவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஓரின்


சானடோரியம்,
26 ஜூன் 1949

அன்புள்ள ஓரினுக்கு,

100. ரொசில்டாவை வியாழக்கிழமை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள், எங்கே என்று யாரும் சொல்லவில்லை. நீ தூங்குகிறாயா?

பூ வராது என்று எனக்கு மார்ச்சிலேயே தெரியும். இடுப்பு உயரத்துக்கு வெட்டினேன் என்று நீ எழுதின இடத்தோடு நிறுத்திவிட்டேன், மீதியை அடுத்த நாள்தான் படித்தேன். நாலு வாரம் காய்ச்சலால் மட்டும் போகவில்லை. என்ன எழுதினாலும் உன்னைக் கொன்றுவிடும் போல இருந்தது. என் கடிதம் தொலைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீ ஒன்றும் தெரியாமல் மே வரை சந்தோஷமாக இருப்பாய் என்று நினைத்தேன்.

பிக்ஸ்பியின் பூவை வாங்கி வைத்திருக்கலாமே, மடையா. எத்தனையோ கல்லுக்கு நடுவே அவன் கல் மட்டும் மொட்டையாக நின்றதா? என் ஆசைதான் அவனை அப்படி நிற்க வைத்தது. உன்னைச் சொல்லி என்ன.

பட்டாளத்து விஷயம். மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. மூன்று நாளாக முயன்று பார்க்கிறேன். கோபமும் வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன், பொய்யாக எழுத மாட்டேன்.

ஆகஸ்டில் இடது பக்கம் ஏழு விலா எலும்பை எடுக்கப் போகிறார்கள். அப்போதுதான் நுரையீரல் அடங்குமாம். லைலாக்கின் அடியிலிருந்து நிறையக் குருத்து கிளம்பியிருக்கும். பென்சில் பருமனில் இருக்கிறதை மட்டும் புதருக்கு ஐந்தாறு விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடு. பூக்க மூன்று வருஷம் ஆகும். எனக்கு அவ்வளவு இருக்கிறதா என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை.

அந்த ஜூன் முதல் தேதிக் கடிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பூவைப் பற்றின மூன்று வரியை மையால் அடித்துவிட்டேன். மிச்சம் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அதில் அவன் பெயரை இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். அதற்கு முன் எட்டு மாதமாக அவன் எங்கே இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது. மேல் வரிசை, வேலியிலிருந்து மூன்றாவது என்று இப்போது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போ. வாளி வேண்டாம். என்னால் வர முடியாது, உன்னால் பூ கொண்டுவர முடியாது. சும்மா போய் நின்றுவிட்டு வந்து எழுது. மண் மறுபடியும் இறங்கியிருந்தால் இறங்கியிருக்கிறது என்று எழுது. புல் வந்துவிட்டதா?

அக்கா,
லூயெல்லா